போக ஒரு மணி, வர ஆறு மணி

1

எங்களுக்கு இங்கே வெள்ளிக்கிழமைதான் ஞாயிற்றுக்கிழமை. குவைத்தில் ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அன்றைக்கு விடுமுறை. வந்து பத்து வருஷம் ஆகிறது. இன்னும் எனக்கு இது பழகவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்தால் தலைக்குக் குளித்துக் கோயிலுக்குக் கிளம்பத்தான் உடம்பு சொல்கிறது. கோயிலுக்கு எங்கே போவது? குளித்துவிட்டு இட்லி ஊற்றுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை என் மகள் கவிதா சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடத்தைப் பரப்பியிருந்தாள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். டீச்சர் கேட்டிருந்த கேள்வி இதுதான்: நீங்கள் சொந்த ஊருக்குப் போகும் விமானம் எங்கிருந்து எங்கே போகிறது? எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

"சொந்த ஊருன்னா எதும்மா?" என்றாள்.

கரண்டியைக் கீழே வைத்தேன். அவள் பிறந்தது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில். அவள் அப்பா ஊர் கிணத்துக்கடவு. என் ஊர் கேரளத்து எல்லையில் வேலந்தாவளம். மூன்றையும் சொன்னேன். எதை எழுதினாலும் சரிதான் என்று பட்டதோ என்னவோ, தோளைக் குலுக்கிவிட்டு "பம்பாய்" என்று எழுதிக்கொண்டாள். கோயமுத்தூரிலிருந்து நேராக இங்கே விமானம் கிடையாது, பம்பாய்தான் எங்களுக்கு வாசல். அவளைப் பொறுத்தவரை பெட்டியோடு போய் இறங்குகிற இடம் சொந்த ஊர்.

தூரத்தை அவள் அப்பா சொன்னார். ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு மைல். நேரத்தை நீயே கண்டுபிடி என்று விமானக் கம்பெனியின் அட்டவணையை எடுத்துப் போட்டார். கவிதா விரல் விட்டு எண்ணினாள். பம்பாயில் ஒன்பது மணிக்குக் கிளம்பினால் குவைத்தில் பத்து மணி. குவைத்தில் பத்து மணிக்குக் கிளம்பினால் பம்பாயில் நாலு மணி. கழித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, இங்க வர்றதுக்கு ஒரு மணி நேரந்தான். போறதுக்கு மட்டும் ஆறு மணி நேரம். வழியில மேடு இருக்கா?"

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டடக் கம்பெனி ஒன்றில் வரைபடம் போடுகிறவர் அவர். கோடு ஒரு நூல் தள்ளினால் அவருக்குச் சோறு இறங்காது. உடனே ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தார், டார்ச் லைட்டை எடுத்தார். பூமி எப்படிச் சுற்றுகிறது, நம் ஊரில் ஏன் முன்னாலேயே விடிகிறது, இரண்டு ஊர்க் கடிகாரங்களுக்கும் ஏன் இரண்டரை மணி நேர வித்தியாசம் என்று பழத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். போனாலும் வந்தாலும் பறப்பது மூன்றரை மணி நேரம்தான் என்று முடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போட்ட அதே கணக்கை, ஒரு மணி பிசகாமல், அவளுடைய அப்புச்சி நாலு வருஷத்துக்கு முன்னால் போட்டிருந்தார். அப்புச்சி என்றால் என் அப்பா. அதை இவளிடம் யாரும் சொன்னதில்லை.

2

எங்கள் தோட்டம் வேலந்தாவளத்து மாட்டுச் சந்தைக்குக் கூப்பிடு தூரம். செக்போஸ்ட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. ரேஷன் வாங்குவது இந்தப் பக்கம், பெண் கொடுத்து எடுப்பது அந்தப் பக்கம். எந்தப் பக்கம் பெண் கொடுத்தாலும் முதலில் வீடு பார்க்கப் போவார்கள். கிணற்றில் வாளி விட்டு ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்ப்பார்கள். கட்டுத்தரையில் மாடு எப்படி நிற்கிறதென்று பார்ப்பார்கள். எல்லாம் திருப்தியென்றால்தான் அந்த வீட்டில் கை நனைப்பார்கள். சாப்பிடுவதைத்தான் அப்படிச் சொல்வது. கை நனைத்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரி.

தூரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. விடியக் கருக்கலில் வண்டி கட்டினால் விளக்கு வைப்பதற்குள் பெண் வீடு போய்ச் சேர வேண்டும். அதற்கு மேல் தூரமென்றால் அப்பா ஜாதகத்தைக் கையால் தொடமாட்டார். மைல் கணக்கு ரோடு போடுகிறவனுக்கு, பெண்ணைப் பெற்றவனுக்கு நேரக் கணக்குத்தான் என்பார்.

அவருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. என் அத்தைகள் நோன்புக்கு வந்துவிட்டு வண்டியேறிப் போனால், அவர்கள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று வெயிலைப் பார்த்துக் கணக்குப் போட்டு முடிக்கிறவரை சாப்பிட உட்காரமாட்டார். அம்மா எத்தனை தரம் கூப்பிட்டாலும் அசையமாட்டார். "ஊடு போயிச் சேந்திருப்பாங்க" என்று அவர் வாயால் சொல்ல வேண்டும், அப்புறம்தான் தட்டு.

இப்படிப்பட்ட மனுஷருக்குக் குவைத் மாப்பிள்ளை வந்தார். கிணத்துக்கடவில் அவர்கள் வீட்டைப் பார்த்தாயிற்று, கிணற்றுத் தண்ணீர் குடித்தாயிற்று, குறை ஒன்றும் இல்லை. ஆனால் அடுப்பு எரிகிற இடம்தான் வீடு. என் அடுப்பு எரியப்போவது கடல் தாண்டி. அப்பா நேராக மாப்பிள்ளையையே கேட்டார்.

"பம்பாய் வரைக்கும் ரயிலு ஓடுதுங்க மாப்ளே. ரயிலு ஓடற ஊரெல்லாம் நம்ம ஊருதான். அதுக்கு அந்தாண்ட எவ்வளவு நேரமுங்க?"

"மூன்றரை மணி நேரம்தாங்க மாமா."

அப்பா கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். எங்கள் தோட்டத்திலிருந்து மாட்டு வண்டியில் மூன்றரை மணி நேரமென்றால் கேரளத்துச் சித்தூர் வரும். சித்தூரில் அவருடைய பெரியம்மா மகளையே கொடுத்திருக்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டார். சந்தையில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "அம்மிணியச் சித்தூர் தூரத்துலதானுங்க குடுத்திருக்கறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. எல்லைக்காரருக்கு எல்லைக்கு இந்தப் பக்கம் எல்லாம் வீடு. அந்தப் பக்கம் எவ்வளவோ அதுதான் தூரம். பம்பாய்க்குப் போகிற இரண்டு ராத்திரி ரயிலை அவர் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

3

அந்த மூன்றரை மணி நேரத்தை முதல் தடவை நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கடந்தேன். ஒரே ஒரு தரம் திறந்தேன். கீழே மேகம். மேகத்தை அண்ணாந்து பார்த்தே வளர்ந்த ஊர் எங்களுடையது. மழை மலைக்கு அந்தப் பக்கமே பெய்துவிட்டு, எங்களுக்குக் காற்றை மட்டும் அனுப்பும். அந்த மேகம் என் காலடியில் உழுது போட்ட காடு மாதிரி கிடந்தது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

இங்கே வந்து இறங்கினால் மரமே இல்லை. இவ்வளவு பெரிய வெறும் தரையை நான் கனவிலும் கண்டதில்லை. அதைவிட ஆச்சரியம் தண்ணீர். ஆறு கிடையாது, ஏரி கிடையாது. கடல் தண்ணீரைக் காய்ச்சி, உப்பைப் பிரித்து, லாரியில் கொண்டுவந்து மாடித் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். முதல் நாள் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துவிட்டு, கடலா இது, கடலா இது என்று என் வீட்டுக்காரரைப் பிடுங்கி எடுத்துவிட்டேன்.

மற்றபடி பழகிவிட்டேன். கவிதாவுக்கு இங்கே எல்லாம் கைக்குழந்தையிலிருந்தே பழக்கம். பள்ளியில் மலையாளம், கடையில் அரபி, டீச்சரிடம் இங்கிலீஷ், எங்களிடம் மூன்றும் கலந்த ஒரு தமிழ். "அம்மா, எனிக்கு மாய் வேணும்" என்பாள். மாய் என்றால் அரபியில் தண்ணீர். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. வேலந்தாவளத்தில் நாங்கள் பேசியதே பாதி மலையாளம்தான்.

4

கவிதாவுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது என் தம்பிக்குக் கல்யாணம் வைத்தார்கள். எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு அவனோடு பிறந்தவள் கூட நின்று செய்ய வேண்டிய சீர். புதுப் பெண்டாட்டி வந்தாலும் கூடப் பிறந்தவளை மறக்கமாட்டேன் என்று சபையறியச் சொல்கிற மாதிரி. தம்பிக்கு நான் ஒருத்திதான்.

அப்பா தேதி குறிக்கும்போதே எல்லாரும் கேட்டார்களாம், பெண் அவ்வளவு தூரத்திலிருந்து வந்து சேருமா என்று. மூணரை மணி நேரந்தான் என்றிருக்கிறார் அப்பா.

வியாழக்கிழமை பெட்டியோடு விமான நிலையத்துக்குப் போனோம். அன்றைக்கென்று தூசிப் புயல். எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. வானமே பழுப்பாக இறங்கி வந்து கண்ணாடிக் கதவில் உராய்ந்தது. விமானம் இல்லை என்றார்கள். மறுநாளும் இல்லை. மூன்றாம் நாள்தான் கிளம்ப முடிந்தது. பம்பாயில் இறங்கி, ரயிலேறி, ஊர் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் கீற்று இறக்கிக்கொண்டிருந்தார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியப்பா மகள் ஒருத்தி என் இடத்தில் நின்று இணைச்சீர் செய்திருந்தாள்.

அப்பா என்னைத் திட்டவில்லை. கவிதாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கும்பிட்டதற்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, அவர் காதில் விழும்படி என்னிடம் சொன்னார்.

"மூணரை மணி நேரம்னு சொன்ன மனுசன்கிட்டக் கேளு அம்மிணி, அந்த மூணரை மணி நேரம் எப்ப முடியுதுன்னு. அவரு சொன்ன கணக்கை நான் சபையில சொன்னேன். இப்ப என்ற வாயக் கொண்டுபோயி எங்க வெக்கட்டும்?"

என் வீட்டுக்காரர் புயலைப் பற்றிச் சொன்னார், பறக்கும் நேரத்துக்கும் பயண நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொன்னார். இலக்கணமாகத்தான் சொன்னார். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி ஆயிற்று. அதோடு பேச்சு நின்றது. இனி மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பதில்லை என்று அப்பா சொல்லிவிட்டார். கிணத்துக்கடவு விருந்துக்கும் வரவில்லை. இவரோ ரோஷக்காரர், நானாகப் போய் நிற்கமாட்டேன் என்றார். இரண்டு பேருக்கும் நடுவில் எனக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் போலிருந்தது. குவைத்துக்குத் திரும்பிய பிறகு ஒவ்வொரு வேளை தட்டில் சோறு போடும்போதும் அதுதான் நினைப்பு. அப்பா என் கையால் ஒரு வாய் சாப்பிட வேண்டும். அது நடந்தால் போதும்.

5

இரண்டு வருஷம் இப்படிப் போயிற்று. கடைசியில் இவர்தான் இறங்கி வந்தார். மாமா ஒரு தரம் வந்து போகட்டும், டிக்கெட் அனுப்புகிறேன் என்றார். அப்பாவிடமிருந்து தம்பி மூலமாகப் பதில் வந்தது: வருகிறேன், சாப்பிட அல்ல, தூரம் அளக்க.

அவருக்குப் பாஸ்போர்ட் வாங்கிய கதையைத் தம்பி இன்றைக்கும் நடித்துக் காட்டுவான். அப்பா பிறந்தது அவருடைய அம்மா ஊரில், எல்லைக்கு அந்தப் பக்கம். அவர் பிறக்கும்போது எல்லையே கிடையாது. வில்லேஜ் ஆபீஸில், "ஜனிச்சது தமிழ்நாட்டில் அல்லே, அவிடெ நின்னு சர்டிபிகேட் கொண்டு வா" என்று, அந்தப் பக்கமே வாங்கி வரச் சொல்லி அனுப்பினார்கள். அங்கே போனால், நீங்கள் கேரளாக்காரர், உங்கள் பக்கமே கேளுங்கள் என்று திருப்பினார்கள். "பொறந்தவன் நானே நேர்ல நிக்கறனுங்களே, இன்னுமென்ன சாட்சி?" என்று அப்பா இரண்டு பக்கமும் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒருவழியாகப் புத்தகம் வந்தது. அதில் பிறந்த இடம் என்று போட்டிருந்த ஊரில் எங்கள் சொந்தம் ஒருவரும் இருந்ததில்லை. அதைத் திருத்தப் போனால் இன்னொரு வருஷம் ஆகும் என்று தம்பி மூச்சு விடவில்லை.

6

அவர் வந்த காலையை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு விம்முகிறது. கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கோட்டுக்காரர்கள், அங்கிக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் வெள்ளை வேட்டி, தலையில் உருமால், தோளில் ஒரு மூட்டை. மூட்டையில் பொரிமாவும் வெல்லமும். எங்கள் வீட்டில் சாப்பிடாமல் ஒரு மாசம் ஓட்டுவதற்குக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சுங்க அதிகாரி மூட்டையைப் பிரித்துச் சந்தேகமாகப் பார்த்தபோது, "மாவுங்க, தின்னு பாருங்க" என்று ஒரு பிடி அள்ளி நீட்டியிருக்கிறார். அந்த மனிதர் வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டி அனுப்பிவிட்டாராம்.

நான் ஓடிப்போய்க் காலில் விழுந்தேன். என் வீட்டுக்காரர் நாலடி தள்ளியே நின்றார். அப்பா என்னைத் தூக்கிவிட்டார், கவிதா தலையைத் தடவினார். பிறகு நேராக அவரிடம் போனார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது.

"மாப்ளே, நீங்க கூட்டியில்ல சொல்லிப்போட்டீங்க. மூணரை எங்கீங்க வந்துச்சு? பம்பாய்ல ஒம்பது மணிக்கு ஏறுனேன். இங்க எறங்கிச் செவுத்துக் கடியாரத்தப் பாத்தேன், மணி பத்து. ஒரு மணி நேரந்தானுங்க."

இவர் வாயைத் திறந்தார். கை தன்னால் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு உருண்டு எழும்பியது. முழங்கைக்கு மேலே பிடித்து ஒரு கிள்ளு கிள்ளினேன். அன்றைக்கு அவர் வாயை மூடிக்கொண்டதுதான் எங்கள் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்குச் செய்த பெரிய உபகாரம்.

மூன்றரை மணி நேரம் ஒரு மணி நேரமாகத் தோன்றுமா என்று நானும் யோசித்தேன். அப்பா சொன்னதைக் கேட்டபோது புரிந்தது. சன்னலோரத்து இடம். ஏறினதிலிருந்து இறங்குகிறவரை கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தேடித் தேடிப் பார்த்தாராம், கடைசிவரை தெரியவில்லையாம். "அத்தன தண்ணிக்கு ஒரு எல்லைக்கல்லுகூட இல்ல அம்மிணி" என்றார். வாழ்நாள் முழுக்க எல்லையில் குடியிருந்தவருக்கு அதைப் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் போதவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் கேள்வி, கிணறு எங்கே. மாப்பிள்ளையும் மாமனாருமாகக் கடற்கரைக்குப் போனார்கள், நானும் போனேன். அப்பா முழங்கால் வரை இறங்கி, ஒரு கை கடல் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துத் துப்பினார். தூரத்தில் தண்ணீர் காய்ச்சுகிற ஆலையின் புகைபோக்கிகளை இவர் காட்டினார். திரும்பி வந்து சமையலறைக் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தேன். வாயில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விழுங்கினார். இன்னொரு டம்ளர் கேட்டார். அப்புறம் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நம்ம தோட்டத்துல பாறைக்கு வெடி வெச்சு வெடி வெச்சு என்ற ஆயுசே போச்சு. இவனுங்க கடலையே கெணறா வெச்சிருக்கறானுங்க சாமி. இது வத்தவே வத்தாதுங்களே மாப்ளே."

அவர் கண்ணில் நீர் நின்றது. தண்ணீருக்காக ஒரு விவசாயி அழுவதை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன், அது தண்ணீர் இல்லாததற்காக. சற்று நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோத்தப் போடு அம்மிணி" என்றார்.

கட்டுத்தரை இல்லாத வீடு, மாடு இல்லாத வீடு. ஆனாலும் தூரம் சரியாக இருந்தது, தண்ணீர் நன்றாக இருந்தது. என் அப்பா என் வீட்டில் கை நனைத்தார். நான் பரிமாறினேன், அவர் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். அந்தப் பொரிமாவு மூட்டையை அவர் போகும்போது கவிதாவும் நானும் தின்று தீர்த்திருந்தோம்.

7

ஒரு மாசம் இருந்துவிட்டுக் கிளம்பினார். விமானம் ஏறின பிறகுதான் எனக்கு அந்தக் கணக்கு உறைத்தது. இங்கே பத்து மணிக்கு ஏறுகிறார். பம்பாயில் இறங்கும்போது சுவரில் நாலு மணி காட்டும். ஆறு மணி நேரம். போகும்போது ஒன்று, வரும்போது ஆறா என்று கேட்பார். யாராவது விளக்கிச் சொல்வார்கள். மூன்றரைதான் நிஜம், மாப்பிள்ளைக்குத் தெரியும், என் பெண்ணுக்கும் தெரியும், என்னை ஏமாற்றிச் சோறு போட்டுவிட்டார்கள் என்று ஆகிவிடும். முந்தின கோபம் ஒன்றுமில்லை, இனிமேல் வரப்போவதுதான் கோபம் என்று பயந்தேன்.

ஊரிலிருந்து ஒன்றும் வரவில்லை. சுகமாக வந்து சேர்ந்தேன் என்பதோடு சரி. போன வருஷம் லீவுக்குப் போனபோது, கேட்டால் என்ன சொல்வது என்று வழியெல்லாம் பாடம் செய்துகொண்டு போனேன்.

நாலாம் நாள் சந்தை. அப்பாவும் நானும் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தோம். வாங்கினவர்கள் ஓட்டிப்போக, விற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். கன்றை விற்றுவிட்டு ஒருவர் தாய்ப் பசுவை இழுத்துக்கொண்டு போனார். அது நாலடிக்கு ஒரு தரம் நின்றது, தலையைத் திருப்பியது, கத்தியது. கயிற்றைப் பிடித்து இழுத்தால் இரண்டடி வைக்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் கேட்காமலே அப்பா சொன்னார்.

"உன்ற ஊட்டுக்கு வர்றப்ப ஒரு மணி நேரத்துல கொண்டாந்து எறக்குனாங்க. திரும்பி வர்றப்ப அதே ஏரோப்ளானு ஆறு மணி நேரம். பம்பாய்ல ஒருத்தரு என்னமோ கணக்குச் சொன்னாரு, நான் காதுலயே வாங்கல. ஊட்டப் பாத்துத் திரும்புனா மாடு வெரசா நடக்கும்பாங்க. கன்ன உட்டுப்போட்டுத் திரும்பற மாடு எப்படி நடக்குதுன்னு பாரு அம்மிணி. ஏரோப்ளானு மட்டும் என்ன பண்ணும்?"

நான் பாடம் செய்து வைத்திருந்த எதுவும் தேவைப்படவில்லை. பசு செக்போஸ்ட் பக்கம் திரும்பி மறைகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

8

கிளம்புகிற அன்றைக்கு அப்பா பஸ் நிறுத்தம்வரைதான் வந்தார். பம்பாயில் விமானம் எந்தக் கிழமை, எத்தனை மணி என்று கேட்டுக்கொண்டார். ஒன்பது மணி என்றேன். "அப்ப பத்துக்கெல்லாம் ஊட்டுல இருப்பே" என்றார். ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தம்பி இந்த வருஷம் இங்கேயே வேலைக்கு வந்துவிட்டான், போன மாசம் அவன்தான் சொன்னான். எங்கள் விமானம் கிளம்பிய அன்றைக்குக் காலையில் அப்பா பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. கிளம்பினவர்கள் போய்ச் சேரும்வரை கூட்டக்கூடாதென்று அம்மா வாசல் கூட்டவில்லை. ஒன்பது மணியானதும் அப்பா களத்து மேட்டில் போய் உட்கார்ந்து மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார். யார் கூப்பிட்டும் அசையவில்லை. சரியாகப் பத்து மணிக்கு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஊடு போயிச் சேந்திருப்பா" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து ஒரு வட்டில் நிறையச் சாப்பிட்டார்.

அந்தப் பத்து மணிக்கு நாங்கள் நடுக்கடலுக்கு மேலே இருந்தோம். விமானம் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. கவிதா என் மடியில் வாந்தி எடுத்தாள். நான் சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டரை மணி நேரம் போக வேண்டியிருந்தது. அந்த இரண்டரை மணி நேரத்தில் உலகத்தில் யார் பயந்திருந்தாலும் என் அப்பா பயப்படவில்லை. அவர் கணக்கில் நான் எப்போதோ பத்திரமாக இறங்கி, அடுப்பு மூட்டி, கடல் கிணற்றுத் தண்ணீரில் உலை வைத்துவிட்டேன். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆச்சரியம் தீரவில்லை. எந்த விமானத்தாலும் முடியாத வேகத்தில் அவர் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்.

போன வெள்ளிக்கிழமை கவிதா வீட்டுப்பாடத்தை முடித்தாள். பறக்கும் நேரம் மூன்றரை மணி என்று எழுதி, அடியில் கோடு போட்டாள். டார்ச்சை எடுத்து ஆரஞ்சுப் பழத்தின் மேல் அவளே ஒரு தரம் அடித்துப் பார்த்தாள். பழத்தின் ஒரு பக்கம் விடிந்தது.

"அம்மா, அடுத்த லீவுக்குப் போறப்ப அப்புச்சிக்கு நான் இதச் சொல்லித் தரேன்."

அவள் அப்பா பெருமையோடு என்னைப் பார்த்தார். நான் அவள் கையிலிருந்து பழத்தை வாங்கினேன். தோலை உரித்தேன். சுளை சுளையாகப் பிரித்து அவளுக்கு ஊட்டி முடித்துவிட்டேன்.